தெரியாது என்ற பதினோரு பேர்

அக்டோபர் 9

நெட்டையின் அண்ணனுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற ஏழு பேரில் நானும் ஒருத்தி. ஜன்னலை அரைவாசி திறந்து, "எல்லாம் முடிஞ்சு போச்சு, கெளம்புங்க" என்றீர்கள். கிளம்பிவிட்டோம். முகத்தைக்கூடப் பார்க்கவிடாமல் அனுப்பிய அந்த வாயில் நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்து இதை எழுதவில்லை. வேலை இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் உங்கள் தங்கையோடு ஹோட்டல் துணி துவைக்கும் சலவைக்கூடத்தில் வேலை செய்தவள். ஆறு வருடம் ஒரே அறையில் அவளோடு குடியிருந்தவள். அவளைப் போலவே பிறந்த வீட்டில் பையனாக இருந்து, வெளியே வந்து பெண்ணாக வாழ்கிறவள். நீராவி இஸ்திரி மெஷினில் நிற்பதால் எல்லோரும் என்னை இஸ்திரி என்பார்கள். "முதல் எழுத்தைத் தள்ளிட்டா ஸ்திரீதான், உனக்கு லாபம்" என்பாள் நெட்டை.

விஷயம் இதுதான். காவல் நிலையத்துக்குப் புதிதாக ஒரு பெண் அதிகாரி வந்திருக்கிறார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். கொன்றவர் யாரென்று துப்புக் கிடைக்கவில்லை என்று எழுதி, நவம்பர் முப்பதாம் தேதியோடு நெட்டையின் கோப்பை மூடப் போகிறார்களாம். மூடாமல் இருக்க வேண்டுமானால் ரத்த சொந்தத்தில் ஒருவர் மனு கொடுக்க வேண்டும். காய்ச்சலில் அவள் தலைக்கு விடிய விடியத் துணி நனைத்துப் போட்ட எனக்கு அந்த உரிமை இல்லை. வருடத்துக்கு ஒருமுறை அவள் போன் செய்தால் எடுக்காத உங்களுக்கு இருக்கிறது. சட்டம் அப்படி, நான் என்ன செய்ய?

அரைப் பக்க மனு. ஒரு கையெழுத்து. வந்து போட்டுவிட்டுப் போங்கள், உங்களோடு பேசக்கூட மாட்டேன்.

உங்கள் வீட்டுக்குப் போன வாரம் போன் செய்தேன். உங்கள் அம்மா எடுத்தார்கள். "யாரும்மா?" என்று கேட்ட குரல் அப்படியே நெட்டையின் குரலாக இருந்தது. போனை வைத்துவிட்டேன்.

இஸ்திரி


அக்டோபர் 16

கடிதம் எழுதியவருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இனி வீட்டுக்குப் போன் செய்ய வேண்டாம். வீட்டு விலாசத்துக்கு எழுதவும் வேண்டாம். அவசியமானால் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவுக்கு எழுதலாம். இந்தக் கடிதத்தை என் மனைவி வாங்கி வைத்ததால் தப்பித்தேன்.

என் தம்பி சாலையைக் கடக்கும்போது வண்டி மோதி இறந்ததாக அம்மா நம்பிக்கொண்டிருக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு இரண்டு வேளை மாத்திரை சாப்பிடுகிறவர். மனு கொடுத்தால் விசாரணை என்று வீட்டுக்கு ஆள் வரும். அக்கம்பக்கம் கேட்கும். நடந்தது என்ன, எந்தக் கோலத்தில் கிடந்தான், எல்லாம் அம்மா காதுக்குப் போகும். போன உயிர் இதனால் திரும்பி வரப் போவதில்லை. இருக்கிற உயிரைக் காப்பாற்றுவதுதான் என் கடமை என்று நினைக்கிறேன். ஆகவே கையெழுத்துப் போட இயலாது.

அன்று உங்களை ஜன்னலோடு அனுப்பியது முறையில்லைதான். வீட்டில் ஆட்கள் இருந்தார்கள்.

இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், விருப்பமிருந்தால் பதில் எழுதுங்கள். தம்பிக்குச் சின்ன வயதில் மூச்சிரைப்பு உண்டு. மழைக்காலத்தில் உட்கார்ந்தபடிதான் தூங்குவான். அங்கே வந்தபிறகு அது எப்படி இருந்தது?


அக்டோபர் 23

நெட்டையின் அண்ணனுக்கு,

மூச்சிரைப்பு விட்டுவிட்டது. சலவைக்கூடத்து நீராவியில் தினமும் எட்டு மணி நேரம் வெந்தால் எந்த வியாதிதான் நிற்கும் என்று பெருமை அடித்துக்கொள்வாள். காலை நீட்டிப் படுத்துத்தான் தூங்குவாள். அவள் நீளத்துக்குக் கால் என் பக்கம் வந்துவிடும். அதற்கும் சண்டை போடுவோம்.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள்.

நேற்று அந்த அதிகாரி கோப்பைத் திறந்து காட்டினார். மொத்தமே ஒன்பது தாள். மூன்றாவது தாளில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. மீசை அரும்பின ஒரு பையன், கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. நான் இரண்டு நிமிடம் பார்த்தேன். அந்தக் காது மடலைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு ஒரு காவலர் தெருத் தெருவாகப் போயிருக்கிறார். "இந்தப் பையனைத் தெரியுமா?" என்று பதினோரு பேரிடம் கேட்டிருக்கிறார். தேநீர்க் கடைக்காரர், பூட்டுக் கடைக்காரர், பேருந்து நிறுத்தத்தில் எப்போதும் நிற்கிற மூன்று பேர், எங்கள் சலவைக்கூடத்தில் ஆறு பேர். பதினோரு பேரும் தெரியாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் விசாரணை. இரண்டு வருடமாக அந்த ஒன்பது தாள்தான் தூங்கிக்கொண்டிருக்கிறது.

நான் நேரே தேநீர்க் கடைக்குப் போனேன். அவள் தினமும் நின்று, சர்க்கரை போதவில்லை என்று வம்பு வளர்க்கிற கடை. மனசாட்சி இருக்கிறதா என்று சத்தம் போட்டேன். மனிதர் அரண்டுபோய்விட்டார். "அவங்க காட்டினது ஏதோ ஒரு பையன் படம்மா. நம்ம நெட்டையம்மா செத்தே போயிட்டாங்களா? ஊரை விட்டுப் போயிட்டாங்கன்னுல்ல நெனச்சேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரே சொன்னார். கடைசியாக அவளைப் பார்த்த சாயங்காலம் ஒரு வண்டி வந்து நின்றதாம். அவள் சிரித்துக்கொண்டே தானே முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாளாம். ஓட்டியவர் முகம் அவர் பக்கம் இல்லை.

புரிகிறதா? தெரிந்த ஆள் வண்டி. அன்றைக்கே அவள் முகத்தைக் காட்டிக் கேட்டிருந்தால் இது அன்றைக்கே தெரிந்திருக்கும். இப்போது வண்டி என்ன நிறம் என்றுகூட அவருக்கு நினைவில்லை.

அந்தப் படத்தை யார் கொடுத்தது?

நவம்பர் இருபதாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு, கொலையான எங்கள் ஆட்களை நினைத்துக் கூடுகிறோம். சைக்கிள் கடைக்கு மேலே உள்ள மாடி அறை. வர மாட்டீர்கள் என்று தெரியும். சொல்லவில்லை என்ற பேச்சு வேண்டாம் என்று எழுதுகிறேன்.

இஸ்திரி


நவம்பர் 1

இஸ்திரி அவர்களுக்கு,

படத்தைக் கொடுத்தது நான்.

இதை எழுத ஒரு வாரம் ஆயிற்று. மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். என்னிடம் இருந்தது அந்த ஒரு படம்தான் என்று முதலில் எழுதினேன். அது பொய்.

சாவதற்கு ஒரு வருடம் முன்னால் சின்னது எனக்கு ஒரு படம் அனுப்பியது. வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம், சின்னது என்று. நீல உடை, காதில் சின்னத் தோடு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துச் சிரிப்பு. பின்னால் "அம்மாவிடம் காட்டு" என்று எழுதியிருந்தது. நான் காட்டவில்லை. கிழிக்கவும் மனம் வரவில்லை. என் பர்ஸில் அடையாள அட்டைக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

காவல் நிலையத்தில் படம் கேட்டபோது பர்ஸ் என் கையில் இருந்தது. பையில் கிடைத்த அட்டையில் முகம் அழிந்துவிட்டது, கிடந்த முகமும் காட்டும்படி இல்லை, நல்ல படமாக ஒன்று வேண்டும் என்றார்கள். விரல் அந்த இடம்வரை போனது. சுற்றி நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். வீட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மூன்று மணி நேரம் பேருந்தில் போய்க் கல்லூரி விண்ணப்பத்துக்கு எடுத்த படத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

நான் எக்ஸ்ரே எடுக்கிறவன். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது பேர். மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்லி ஒவ்வொருவரையும் எடுப்பதற்கு முன்னால் பெயரைக் கேட்பேன், சீட்டைப் பார்ப்பேன், இடதா வலதா என்று காட்டும் ஈய எழுத்தைச் சரியான பக்கம் வைப்பேன். பல வருடத்துக்கு முன்னால் வேறொருவர் கையில் இரண்டு பேர் படம் மாறிப்போய், ஒருவருக்கு நன்றாக இருந்த காலைக் கீறிவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு படத்தையும் மூன்று தடவை பார்க்காமல் வெளியே அனுப்ப மாட்டேன். தப்பான படம் என்ன செய்யும் என்று இந்த ஊரில் வேறு யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிணவறையில் தலைமுடியை வெட்டச் சொன்னேன். இடுப்புவரை இருந்தது. அங்கே வேலை செய்கிற பெரியவர், "வேணுமா தம்பி இது, இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். அம்மா பார்ப்பார்கள், வெட்டுங்கள் என்றேன். அவர் தயங்கித் தயங்கி வெட்டினார். நான் வெளியே போய் நிற்கவில்லை, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குத் திட்டத் தோன்றும். திட்டுங்கள். கையெழுத்துப் பற்றி மட்டும் இப்போது கேட்காதீர்கள். அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.


நவம்பர் 7

அண்ணா,

முதலில் நீங்கள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு பக்கம் எழுதினேன். அந்த முடிக்கு அவள் வாரம் ஒருமுறை செய்த பணிவிடை எனக்குத்தான் தெரியும். காயவைக்கிறேன் என்று ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வெளிச்சத்தை மறைப்பாள். அந்த நாலு பக்கத்தையும் வைத்திருக்கிறேன், என்றைக்காவது நேரில் படித்துக் காட்டுகிறேன்.

அதை அனுப்பாததற்குக் காரணம் உண்டு. சலவைக்கூடத்தில் ஆறு பேர் தெரியாது என்றார்கள் என்று எழுதினேன் அல்லவா, அந்த ஆறு பேரில் ஒருத்தி நான்.

பட்டியலில் ஏழாவது பெயர். கீழே என் கையெழுத்து, கோழி கிறுக்கினது போல. அதிகாரி கோப்பைப் புரட்டியபோது உங்கள் படத்தைவிட அதைத்தான் முதலில் பார்த்தேன். உங்களுக்கு எழுதும்போது மறைத்துவிட்டேன்.

அவள் இரவு வீட்டுக்கு வராததற்கு மறுநாள் அது. அதற்கு முந்தின சாயங்காலம் ஒரு குடைக்காகச் சண்டை. என் குடையை எங்கோ தொலைத்துவிட்டு, "நனைஞ்சா கரைஞ்சா போயிடுவ?" என்று என்னையே கேலி செய்தாள். தினமும் சேர்ந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கிறவர்கள், அன்றைக்கு மட்டும் நான் அரை மணி நேரம் முன்னாலேயே கோபித்துக்கொண்டு போய்விட்டேன். இரவு அவள் வரவில்லை. கோபத்தில் யார் வீட்டிலாவது போய்ப் படுத்திருப்பாள், வரட்டும் பேசிக்கொள்கிறேன் என்று இருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் மெஷினுக்குப் பக்கத்தில் காவலர் வந்து நின்றார். போலீஸைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு வாயில் முதலில் வருவது "தெரியாது"தான். ஒரு முறை தெரியும் என்று சொல்லி இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார்ந்தவள் நான். கையில் ஈரப் படுக்கை விரிப்பு. நீராவி வேறு. எட்டிப் பார்த்தேன், யாரோ ஒரு பையன், ஏதோ ஒரு பெயர். தெரியாது என்றேன். நீட்டின தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு விரிப்பை மெஷினில் விட்டேன்.

அதற்கு அடுத்த நாள்தான் பத்திரிகையில் மூலையில் நாலு வரி. ஆண் சடலம் என்று போட்டிருந்தது. சாம்பல் நிற வேலைக் கோட்டில் பதினாலு என்ற எண், அவளுடைய எண், தைத்திருந்தது என்று படித்ததும் ஓடினேன். அதற்குள் நீங்கள் கொண்டுபோய்விட்டீர்கள்.

அந்தக் காவலர் காட்டியது அவள் படமாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. அன்றைக்கே வந்தது. இருக்காது என்று நானே அதை அமுக்கி வைத்தேன். இரண்டு வருடம் உங்களைத் திட்டுவது எனக்கு வசதியாக இருந்தது.

நீங்கள் தெரிந்து தப்பான படம் கொடுத்தீர்கள். நான் பார்க்காமல் தெரியாது என்றேன். கொன்றவன் எங்கேயோ நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குகிறான். இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்கிறது.

இஸ்திரி


நவம்பர் 21

சகோதரிக்கு,

நேற்று வந்திருந்தேன். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மாடிப்படிக்குப் பக்கத்தில் கடைசி நாற்காலியில் இருந்தேன். ஒரு பெண் வந்து, தண்ணீர் வேண்டுமா, யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சும்மாதான் வந்தேன் என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்.

இருபத்து மூன்று பெயர் படித்தீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் தெரிந்தவர் ஒருவர் எழுந்து அவரைப் பற்றி ஏதாவது சொன்னார். அழுகையாக இருக்கும் என்று நினைத்து வந்தேன். ஒருவர் கடன் வாங்கின செருப்போடு ஓடிப்போன கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார்கள். முடிவில், யார் செய்தது என்று படிக்கும்போது, பெரும்பாலும் "தெரியவில்லை" என்றார்கள். என்னை அறியாமல் எண்ண ஆரம்பித்துவிட்டேன். பத்தொன்பது தடவை.

சின்னதின் முறை வந்தபோது நீங்கள் எழுந்தீர்கள். இரட்டைப் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும், இவள் கையை விரித்தால் ஒருத்தியே போதும், அந்தத் திமிரில் எங்களை யாரையும் மறுமுனையைப் பிடிக்க விடமாட்டாள் என்றீர்கள். அறை முழுக்கச் சிரித்தார்கள். என் கூடப் பிறந்தது, எனக்கு இது தெரியாது. வீட்டில் வேட்டி, துண்டைக்கூட அது மடித்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஒரு பெயர் படித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. படித்தவர் இன்னொரு தடவை படித்தார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதும் நீங்கள்தான் எழுந்தீர்கள். "இவள எனக்குத் தெரியாது. எந்த ஊரு, என்ன வேலை, எதுவும் தெரியாது. இருந்தாலும் நான் நிக்கிறேன்" என்று சொல்லி ஒரு நிமிடம் நின்றீர்கள்.

எனக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. முன்பின் தெரியாத ஒருத்திக்காக நீங்கள் நிற்கிறீர்கள். என் ரத்தத்தின் பெயரைப் படித்தபோது நான் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படியிறங்கிப் போய்விட்டேன். பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் உடம்பு சரியில்லையா என்று கேட்கிற அளவுக்கு அழுதேன்.

அம்மாவிடம் சொல்லப் போகிறேன். எப்போது என்று கேட்காதீர்கள். சொல்லிவிடுவேன்.


நவம்பர் 24

அண்ணா,

உங்களைப் பார்த்தேன். அந்தக் காது மடல் உங்களுக்கும் அப்படியே இருக்கிறது. ஓடிவந்து பிடித்திருப்பேன். ஆள் ஓடிவிடுவாரோ என்று பயந்து விட்டுவிட்டேன், நீங்கள் எப்படியும் ஓடித்தான் போனீர்கள்.

எப்போது என்று கேட்க வேண்டாம் என்கிறீர்கள். சரி, கேட்கவில்லை. இன்றைக்குத் தேதி இருபத்து நாலு. அதிகாரி முப்பதாம் தேதிக்குமேல் தன் கையில் ஒன்றுமில்லை என்கிறார். தேநீர்க் கடைக்காரர் வாக்குமூலம் கொடுக்கத் தயார், ஆனால் வாங்குவதற்குக் கோப்புத் திறந்திருக்க வேண்டும். இதற்குமேல் நான் என்ன சொல்ல?

இஸ்திரி


நவம்பர் 28

சகோதரிக்கு,

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அம்மாவை உட்கார வைத்தேன். மாத்திரை போட்டாயிற்றா என்று முதலில் கேட்டேன். மனைவி பக்கத்தில் இருந்தாள். வண்டி மோதவில்லை, அடித்துக் கொன்றிருக்கிறார்கள் என்றேன். பிறகு பர்ஸிலிருந்து அந்தப் படத்தை எடுத்து மடியில் வைத்தேன்.

அம்மா படத்தைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. தோட்டை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார்கள். எதைக் கேட்பார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தேனோ அதை அவர்கள் கேட்கவே இல்லை.

"யாரு அடிச்சது?" என்றார்கள்.

தெரியவில்லை என்றேன்.

"ரெண்டு வருஷமாச்சு. நீ போயிக் கேக்கவே இல்லையா?"

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் நான் கிளம்பும்போது வாசலுக்கு வந்து, "சின்னதுக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியாம வராத" என்றார்கள். அவ்வளவுதான் பேச்சு. இன்றுவரை என்னிடம் சரியாகப் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் நியாயம் இருக்கிறது.

இருபத்தாறாம் தேதி காவல் நிலையத்துக்கு வந்தேன். உங்களைக் கூப்பிட்டிருக்கலாம், தனியாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. மனுவில் உறவு என்ற இடத்தில் தங்கை என்று எழுதினேன். எழுத்தர், கோப்பில் ஆண் என்று இருக்கிறதே, இடிக்குமே என்றார். கோப்பில் இருக்கிற தப்பைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன் என்றேன். பழைய படத்தைக் கொடுத்தது ஏன் என்று எழுதித் தரச் சொன்னார் அதிகாரி. ஒன்றரைப் பக்கம் எழுதினேன், உங்களுக்கு எழுதினதையேதான். படித்துவிட்டு, இதற்காக உங்கள் மேலும் கேள்வி வரலாம் என்றார். வரட்டும்.

நீலப் படத்தைக் கொடுத்துவிட்டேன். அதிகாரி எதிரிலேயே பழையதை மெல்ல உரித்து எடுத்து, இதை ஒட்டினார். பதினோரு பேரையும் முதலிலிருந்து மறுபடி கேட்கப் போவதாகச் சொன்னார். அந்த வண்டியில் வந்தவன் உங்களோடு தினம் பேசிப் பழகுகிறவனாகவும் இருக்கலாம். ஜாக்கிரதையாக இருங்கள். தனியாகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்காதீர்கள்.


டிசம்பர் 4

அண்ணா,

நேற்று வந்தார்கள். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், உணர்ச்சிவசப்பட்டு முன்னும் பின்னும் சொன்னால் நீங்கள் குழம்பிவிடுவீர்கள்.

காலை பதினோரு மணி. அதிகாரியே வந்தார், கூட எழுத்தர். மேற்பார்வையாளர் பெரிய மெஷினை நிறுத்தச் சொன்னார். நான் வேலைக்குச் சேர்ந்த பத்து வருடத்தில் பட்டப்பகலில் அது நின்று பார்த்ததில்லை. பழைய பட்டியலில் இருந்த அதே வரிசைப்படி கேட்டார்கள். வெளியே உள்ள ஐந்து பேரை முன்தினமே கேட்டாயிற்றாம். ஐந்து பேரும் தெரியும் என்றிருக்கிறார்கள். பூட்டுக் கடைக்காரர், "என்கிட்டயே பூட்டு வாங்கி, சாவியத் தொலைச்சுட்டு, என்னையே திட்டினவங்க" என்றாராம்.

ஆறாவது மேற்பார்வையாளர். ஏழாவது நான். அதிகாரி படத்தை நீட்டினார். அவளுக்கு அந்தத் தோடு வாங்கிக் கொடுத்ததே நான்தான். படத்தில் எந்தக் கதவடியில் சிரித்துக்கொண்டு நின்றாளோ அந்தக் கதவு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. "தெரியும்" என்றேன். இரண்டு வருடம் முன்னால் தெரியாது என்றீர்களே என்று கேட்டார். ஆமாம், பார்க்காமல் சொன்னேன் என்றேன். குடைச் சண்டை, அரை மணி நேரம், எல்லாம் சொன்னேன். எல்லோர் எதிரிலும்தான். எழுத்தர் கை வலிக்க எழுதினார்.

எட்டு, ஒன்பது, பத்து, மூன்று பேரும் மடிப்பு மேஜைப் பெண்கள். பார்த்ததும் தெரியும் என்றார்கள். ஒருத்தி அழுதாள். அவள் செத்தது தெரியும்தான், ஆனால் அன்றைக்குக் காட்டினது இவள் படமென்று நேற்றுவரை யாருக்கும் தெரியாது.

பதினோராவது, எங்கள் துணி வண்டி ஓட்டுகிறவர். நாங்கள் மூட்டை கட்டுவோம், அவர் ஹோட்டல்களுக்குக் கொண்டுபோவார். பெரிய மூட்டையை ஒருவரால் தூக்க முடியாது. முடிச்சின் இரண்டு காதையும் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். நான்கு வருடம் ஒரு காதை அவரும் மறு காதை நெட்டையும் பிடித்துத்தான் ஏற்றினார்கள். மழை வந்தால் எங்களில் யாரையாவது பேருந்து நிறுத்தம்வரை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு விடுவார். நானும் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன். நல்ல மனிதர் என்று பெயர்.

அதிகாரி அவரிடம் போவதற்குள் படத்தைக் கோப்புக்குள் வைத்து மூடிவிட்டார். வேண்டுமென்று மூடினாரா, சும்மா மூடினாரா, எனக்குத் தெரியாது. எதிரில் போய் நின்று, உங்கள் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார்.

அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டே, "எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

"நான் இன்னும் படத்தக் காட்டவே இல்லையே" என்றார் அதிகாரி.

படத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். அவர் கயிற்றைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். அதைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். மறுபடியும் தெரியாது என்றார். நான்கு வருடம், அண்ணா.

எங்களிடம் கேட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதனால் முந்திக்கொண்டு சொல்லியிருக்கலாம். பயத்தில் உளறியிருக்கலாம். நானே ஒரு நாள் பயத்தில் அதைச் சொன்னவள்தானே. இதை மட்டும் வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது என்று அதிகாரியே சொன்னார். அவரை வண்டிச் சாவியோடு ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். இன்று வேலைக்கு வரவில்லை.

போவதற்கு முன்னால் எழுத்தர் பதினோராவது பெயருக்கு எதிரே, படத்தைப் பார்க்கும் முன்பே தெரியாது என்றார், காட்டிய பின்பும் படத்தைப் பார்க்கவில்லை என்று எழுதினார். இதற்குச் சாட்சி வேண்டும், யார் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். மடிப்பு மேஜையில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ரத்த சொந்தமாக இருக்க வேண்டுமா என்று கேட்டேன். கண்ணால் பார்த்திருந்தால் போதும் என்றார்.

நான் போட்டேன்.

இஸ்திரி